சோமாசி வெட்டிய சக்கரமும் நாற்பத்திரண்டு சதுரங்களும்

கிழக்குத் தாம்பரம்,
14.10.2006, சனிக்கிழமை பிற்பகல்.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய மச்சான் தயாளனுக்கு, உன் அக்காள் கணவன் ஜீவானந்தம் எழுதிக்கொண்டது. இங்கு எல்லோரும் நலம், அங்கு உன் நலமும் உன் மனைவி நிஷாவின் நலமும் அறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. ஆனால் இங்கு இப்போது இருப்பது நான் ஒருவன். நலம் என்று எழுதினால் முதல் வரியிலேயே பொய் சொன்னவன் ஆவேன். ஆகையால் நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று நானாகவே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இமெயில் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்கு ஏர்மெயில் அனுப்புகிறார் என்று நீ நினைப்பாய். நம் வீட்டுக்கு இருப்பது ஒரே இமெயில். அதன் பாஸ்வேர்டு உன் அக்காளிடம் இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் நீ திரும்பக் கூப்பிடும்போது எடுப்பவளும் அவள்தான். இந்த விஷயம் உன் அக்காள் அபிதகுஜாம்பாள் காதுக்குப் போகக் கூடாது. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நிஷாவிடம் சொல்லலாம், ஏனென்றால் எனக்கு வேண்டிய சாமான் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

போன டிசம்பரில் நீ வந்தபோது ஒரு பை நிறையத் தையல் சாமான் கொண்டுவந்தாய். "இதைப் போய் அமெரிக்காவிலிருந்து சுமந்துகொண்டு வருவானா, ஒரு நல்ல ஷேவிங் செட் வாங்கி வந்தால் என்ன" என்று நான் சமையலறையில் சொன்னதும், அது உன் காதில் விழுந்ததும் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை இன்று வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ரயில்வே டிராயிங் ஆபீசில் முப்பத்தாறு வருஷம் கோடு போட்டவன் நான். அந்தத் தடித்த கண்ணாடி மாதிரி ஸ்கேலைப் போல ஒன்றை எனக்கு ஒரு நாளும் யாரும் கொடுத்ததில்லை. அங்குலத்தை எட்டாகப் பிரித்திருக்கிறான். முப்பது டிகிரி, நாற்பத்தைந்து டிகிரி, அறுபது டிகிரி எல்லாம் அதிலேயே கோடாக இருக்கிறது. அடியில் துணி நழுவாமல் சொரசொரப்பு வைத்திருக்கிறான். அந்தப் பச்சை விரிப்பு இருக்கிறதே, அதன்மேல் கத்தியால் கீறினால் கீறல் தானாக மூடிக்கொள்கிறது. குண்டூசிகளை இழுத்து வைத்துக்கொள்ளும் காந்தத் தட்டு, துணியைப் பிடித்துக்கொள்ளும் குட்டி கிளிப்புகள், தையலைப் பிரிக்க நுனியில் சிவப்புக் குமிழ் வைத்த குட்டிக் கத்தி, எழுதினால் சிறிது நேரத்தில் தானே மறைந்துபோகும் ஊதா பேனா. யோசித்துச் செய்தவனுடைய மூளையை மெச்ச வேண்டும். ஆனால் இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது இந்த மூன்று நாளில்தான். அதற்கு முன்னால் அந்த அறைப் பக்கம் நான் போகக் கூடாது என்பது உத்தரவு.

அந்த உத்தரவுக்குக் காரணம் உண்டு. உன் அக்காள் பத்து மாதமாக ஒரு குயில்ட் தைக்கிறாள். சதுரம் சதுரமாகத் துணி வெட்டி ஒட்டிய போர்வை. நம் பெண்கள் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வெற்றிலை பாக்கு மஞ்சளோடு ஒரு பிளவுஸ் பிட் வைத்துக் கொடுப்பார்கள், உனக்கே தெரியும். அதை ஒருத்தரும் தைத்துப் போடுவதில்லை. வாங்கியவர் பீரோவில் வைத்திருந்து அடுத்த விசேஷத்தில் இன்னொருத்தருக்கு வைத்துக் கொடுப்பார். நம் காலனியை நான்கு சுற்று சுற்றி மறுபடி நம் வீட்டுக்கே வந்த பிட்டு உண்டு. உன் கல்யாணத்தில் வாங்கிய ஆரஞ்சு நிறம் மட்டும் மூன்று தடவை வந்திருக்கிறது. உன் அக்காள் அந்தச் சுற்றை நிறுத்தினாள். பீரோவில் இருந்ததை எல்லாம் எடுத்து, ஆளுக்கு ஒன்றாக நாற்பத்திரண்டு பேர் கொடுத்த நாற்பத்திரண்டு பிட்டிலிருந்து நாற்பத்திரண்டு சதுரம் வெட்டி, ஆறுக்கு ஏழாகச் சேர்த்துத் தைத்துவிட்டாள். வருகிற இருபத்தொன்பதாம் தேதி காலனி ஹாலில் பெண்கள் சங்கத்தின் கைவேலைக் கண்காட்சி. அதில் இதைத் தொங்கவிடப் போகிறாள். நாற்பத்திரண்டு பேரையும் வரச்சொல்லி, "உங்க துணி எதுன்னு கண்டுபிடிங்க" என்று சொல்லியிருக்கிறாள். முப்பத்து நான்கு வருஷமாக என் டிபன் பாக்ஸை மூடியவள், மச்சான். இதுவரை அவள் பேரைப் போட்டு எங்கேயும் எதுவும் மாட்டியதில்லை. ராத்திரி தூக்கத்தில்கூடச் சதுரம் எண்ணுகிறாள்.

இப்படி இருக்கையில் புதன்கிழமை உன் சின்னக்காள் மகளின் வளைகாப்புக்குத் திருவண்ணாமலைக்குக் கிளம்பினாள். "இன்னிக்கு சாயங்காலம் கிளம்பிச் சனிக்கிழமை வந்துடுவேன். தையல் ரூமுக்குள்ள போகாதீங்க. இந்தத் தீபாவளிக்குப் பலகாரமெல்லாம் கடையிலதான், எனக்கு நேரமில்லை" என்றாள். இதில் கடைசி வாக்கியம்தான் என்னை உசுப்பியது. கடைப் பலகாரமா? நானே சோமாசி செய்து டப்பாவில் அடைத்து வைத்து அவளை அசத்திவிடலாம் என்று நினைத்தேன். நல்ல எண்ணம்தானே, நீயே சொல்லு.

வியாழக்கிழமை காலை பூரணம் பிரமாதமாக வந்தது. சோமாசி ஓரத்தை வெட்டுகிற பித்தளைச் சக்கரக் கரண்டியைத்தான் காணவில்லை. தேடிக்கொண்டே போனால் தையல் அறையில் மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு சக்கரம் இருக்கிறது. பார்த்த மாத்திரத்தில் அமெரிக்காக்காரனும் சோமாசி செய்வான் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்திலேயே அங்குலக் கட்டம் போட்ட பச்சை விரிப்பு. மாவு தேய்க்க அதைவிட நல்ல பலகை உலகத்தில் கிடையாது. அங்கேயே தையல் மேஜையில் தேய்த்தேன். எல்லாச் சோமாசியும் நான்கு அங்குல விட்டம், கூடவும் இல்லை குறையவும் இல்லை. சக்கரம் மாவில் போனது எனக்கே தெரியவில்லை, அவ்வளவு கூர்மை. மாவைத் தாண்டி விரிப்பின் ஓரத்தையும் தாண்டி, மேஜையில் நியூஸ்பேப்பர் போட்டு மூடியிருந்த எதையோ வெட்டிக்கொண்டு போனதும் தெரியவில்லை. பொரித்தெடுத்த வாணலியைச் சூட்டோடு கொண்டுவந்து அந்த விரிப்பின்மேலேயே வைத்தேன். ஐந்து நிமிஷம் கழித்து விரிப்பு பொரித்த அப்பளம் மாதிரி மேலே வளைந்தது. அதைத் தூக்கினேன். நியூஸ்பேப்பரைத் தூக்கினேன். அடியில் போர்வை. ஓரத்திலிருந்து இரண்டாவது வரிசையில் கிளிப்பச்சையில் மஞ்சள் புள்ளி போட்ட சதுரம் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை இரண்டாகக் கிடக்கிறது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சோமாசியை வாயில் வைக்கவில்லை.

வேறு துணி வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதே. ஒவ்வொரு சதுரத்துக்கும் சொந்தக்காரி ஒருத்தி வந்து தேடப் போகிறாள். கிளிப்பச்சைக்குச் சொந்தக்காரி ஸ்ரீவித்யா. நம் காலனியிலிருந்து பொழிச்சலூரில் வீடு கட்டிக்கொண்டு போனாளே, அந்தக் கிரகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்தது. இப்படிப் பிட்டெல்லாம் டஜன் கணக்கில்தானே வாங்குவார்கள், மிச்சம் இருக்கும் என்று நானே பஸ் பிடித்துப் பொழிச்சலூர் போனேன். ஒரு ஆண்பிள்ளை இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டி, "உங்களிடம் பிளவுஸ் பிட் இருக்கிறதா" என்று கேட்பதில் உள்ள சங்கடத்தை நீ அமெரிக்காவில் இருந்துகொண்டு புரிந்துகொள்ள முடியாது. "அந்தப் பச்சை அபிதத்துக்கு ரொம்பப் பிடித்துப்போய் பிளவுஸ் தைத்துக்கொண்டாள், இன்னொன்று வேண்டுமாம்" என்று சொல்லிவைத்தேன். ஸ்ரீவித்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அங்கிள், நான் வச்சுக் கொடுத்ததை நிஜமாவே தச்சுப் போட்டுக்கிட்டாங்களா? இதுவரைக்கும் யாருமே போட்டதில்லை அங்கிள்" என்றாள். பச்சை அவளிடம் இல்லை. கடைசிப் பிட்டைத் தன்னோடு வேலை பார்த்த அருள்மேரி டீச்சருக்குக் கொடுத்தாளாம், அவர் இப்போது கேளம்பாக்கத்தில் இருக்கிறாராம். விலாசத்தைச் சொன்னாள். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது வெற்றிலை பாக்கோடு ஏழு பிளவுஸ் பிட் வைத்துக் கொடுத்தாள். ஏழில் ஒன்று உன் கல்யாணத்து ஆரஞ்சு.

மறுநாள் காலை கேளம்பாக்கம் போய் இறங்கி விலாசத்தைப் பிரித்தால் வெள்ளைக் காகிதம். ஒரு எழுத்து இல்லை. நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனது உன் மாயப் பேனா. கோபம் வரவில்லை, மச்சான், அதிசயமாகத்தான் இருந்தது. ஒரு தழும்புகூட விடாமல் போயிருக்கிறது. ஆபீசில் இப்படி ஒன்று இருந்திருந்தால் என் மேலதிகாரியைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கலாம். சரி, ஊருக்குள் அருள்மேரி டீச்சர் என்று விசாரிப்போம் என்று ஜங்ஷனில் நின்றேன். பக்கத்தில் பெண்கள் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி போட்டிருந்த ஜாக்கெட், கிளிப்பச்சை, மஞ்சள் புள்ளி. நான் அசையாமல் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார், மீன் வாங்க வந்தியா, இல்ல என் ஜாக்கிட்ட பாக்க வந்தியா? அப்போலேர்ந்து இங்கியே பாத்துகினு கீற."

சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அறுபது வயசில் இந்தப் பேர் வாங்கவா பிறந்தேன். வாய் குழறிக் குழறி, போர்வை, சதுரம், சோமாசி, என் மனைவி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உன்னிடம் இப்போது சொல்வதற்கு முன்னால் முழுக்கதையும் அறிந்தவள் அந்த அம்மாள்தான். பேர் செல்லியம்மாள். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள் பார், கூடையில் இருந்த மீனெல்லாம் குலுங்கியது.

"அருள்மேரி டீச்சரு கிறிஸ்மஸுக்கு குட்தாங்க சார் இத்த. நல்ல துணி, இத்த வச்சிகினு இன்னா பண்றது, தச்சுப் போட்டுகினேன். நீ பேஜாராவாத. தச்சது என் தம்பிதான், சிட்டிபாபு. மேற்குத் தாம்பரத்துல மார்க்கெட்டாண்ட கட வச்சிகீறான். வெட்டுன துண்ட அவன் தூக்கியே போட மாட்டான். அக்கா சொல்லிச்சுன்னு சொல்லு."

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் கைமாறிய துணிகளில் ஒன்றைத் தைத்து உடம்பில் போட்டுக்கொண்ட ஒரே ஆள் அவள்தான். அவளை வணங்கிவிட்டு, எனக்கு மீன் சமைக்கத் தெரியாதே என்றும் யோசிக்காமல் அரைக் கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆக, நம் வீட்டிலிருந்து பொடி நடையாகப் போகிற தூரத்தில் இருந்த துணிக்காகப் பொழிச்சலூர், கேளம்பாக்கம் எல்லாம் சுற்றியிருக்கிறேன். வழியில் வீட்டுக்குள் நுழைந்து உன் தையல் சாமான் பையை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். சிட்டிபாபு மிஷினுக்கு அடியிலிருந்த சாக்கைக் கவிழ்த்தார். அரை மணி நேரம் இருவரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். கிடைத்தது ஒரே துண்டு. விரித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஆறரை அங்குலச் சதுரத்துக்குச் சரியாக இருக்கிறது, ஒரு பக்கம் அரைக்கால் அங்குலம், ஒரு நூல் மிச்சம். ஒரு தடவைதான் வெட்டலாம். தவறினால் இந்தப் பூமியில் வேறு துண்டு கிடையாது. திருநீர்மலை இருக்கிற திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன்.

சிட்டிபாபுவையே வெட்டச் சொன்னேன். அவர் உன் சக்கரத்தை வாங்கி, வேறு ஒரு கழிசல் துணியில் உருட்டிப் பார்த்தார். "இன்னா சார் இது, வெண்ணைல போறா மாறி சல்லுனு போவுது" என்று நான்கு மடிப்பு, எட்டு மடிப்பு எல்லாம் வெட்டிப் பார்த்தார். பிரிக்கிற கத்தியின் நுனியில் இருக்கும் சிவப்புக் குமிழ் எதற்கென்று கேட்டார். துணி கிழியாமல் இருக்க என்றேன். "நா இருபத்தஞ்சு வருஷமா பிளேடால பிரிக்கிறேன் சார், எத்தினி துணி கிழிச்சிகீறேன்" என்றார். ஆனால் வெட்டித் தைத்துக் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டார். "நா தச்சா அம்மா கண்டுபிடிச்சிருவாங்க சார். என் கை வேற, அவங்க கை வேற. அவங்க மிஷின்ல, அவங்க போட்ட நூல்ல, நீயே தை. கோடு போட்ட கைதான, வரும்" என்றார். அங்கேயே பழைய துணியில் இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினார். நான் கொண்டுபோன மீனை அவர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அதன்பிறகு நேற்று மாலையும் இன்று காலையும் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். பச்சை விரிப்பை வெயிலில் போட்டு மேலே கேஸ் சிலிண்டர் ஏற்றி ஏறக்குறைய தட்டையாக்கினேன். பிரிக்கிற கத்தியால் அறுந்த சதுரத்தை நான்கு பக்கமும் பிரித்தேன். பக்கத்துத் துணியில் ஒரு இழைகூடப் போகவில்லை, அந்தச் சிவப்புக் குமிழ் வாழ்க. மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே உருட்டில் புதுச் சதுரத்தை வெட்டினேன். கிளிப்புகளால் பிடித்தேன். தைத்தேன். முதல் தடவை என் லுங்கியின் ஓரமும் சேர்ந்து தைத்துக்கொண்டது, எழுந்தபோது போர்வையும் கூடவே வந்தது. பிரித்தேன். மறுபடி தைத்தேன். என் சதுரம் பக்கத்துச் சதுரங்களைவிட ஒரு நூல் பெரிதாக நின்றது. அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் வருகிற அந்த ஒரு நூல். நான் வெட்டியது சரியாக ஆறரை. மற்றவை ஏன் அப்படி இல்லை என்பதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, தப்பித் தவறி இந்தக் கடிதம் யார் கையிலாவது சிக்கினால் நான் வீட்டில் இருக்க முடியாது. சிட்டிபாபு சொல்லிக் கொடுத்தபடி இழுத்துப் பிடித்து உட்கார வைத்துவிட்டேன். தள்ளி நின்று பார்த்தால் யாருக்கும் தெரியாது.

தள்ளி நின்று பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. இவ்வளவு நாளாக நான் அந்தப் போர்வையை முழுதாகப் பார்த்ததில்லை. அவள் கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்வேன். ஒரு சதுரம் வைக்க எனக்கு இரண்டு நாள், இரண்டு ஊர், ஒரு தையற்காரர். அவள் நாற்பத்திரண்டு வைத்திருக்கிறாள். உன் அக்காள் லேசுப்பட்டவள் இல்லை, மச்சான். இதை அவளிடம் சொல்லத்தான் வழியில்லை, சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: அதே சக்கரத்துக்கு ஒரு பிளேடு, ஏனென்றால் இதில் வெல்லப்பாகு ஏறியிருக்கிறது. அதே அளவில் பச்சை விரிப்பு ஒன்று. இரண்டையும் நம் வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் சிட்டிபாபு கடைக்கு அனுப்பு. கூடவே அவருக்கும் சிவப்புக் குமிழ் வைத்த கத்தி ஒன்று வை. உன் அக்காள் போன் செய்தால் எதுவும் தெரியாதது போல் இரு. ஆறு மணிக்குள் அவள் வந்துவிடுவாள், இன்னும் சமையலறையில் எண்ணெய் துடைக்க வேண்டியிருக்கிறது. திருவண்ணாமலையார் அருளால் நீயும் நிஷாவும் பதினாறும் பெற்று நீடூழி வாழவும், உங்கள் வீட்டில் எந்தப் பொருளும் வேறு எந்தப் பொருள் போலவும் தோன்றாமல் இருக்கவும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அன்பு அக்காள் கணவன்,
ஜீவானந்தம்

பின்குறிப்பு (ஞாயிறு காலை): மேலே ரகசியம் என்று எழுதிய இடத்தையெல்லாம் அடித்துவிட்டுப் படித்துக்கொள். உன் அக்காள் நேற்று ஐந்து மணிக்கே வந்தாள். விஷயம் அவளுக்கு வியாழக்கிழமையே தெரியும். தன் துணியில் பிளவுஸ் தைத்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல ஸ்ரீவித்யா அவளுடைய செல்போனுக்குக் கூப்பிட்டு அழுதாளாம்; நான் எதற்குப் பச்சையைத் தேடுகிறேன் என்று உன் அக்காள் அப்போதே ஊகித்துவிட்டாள்.

வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. நேரே போய்ப் போர்வையை விரித்து, கிளிப்பச்சையின்மேல் விரலை ஓட்டினாள். பிரிக்கிற கத்தியை எடுத்தாள். என் சதுரத்தை மூன்று நிமிஷத்தில் பிரித்துவிட்டாள். பிரித்ததை மேஜையில் வைத்து ஸ்கேலை மேலே வைத்தாள். "ஆறரை" என்றாள். பக்கத்துச் சதுரத்தைப் பிரித்து அளந்தாள். ஒரு நூல் குறைவு. இன்னொன்றைப் பிரித்தாள். ஒன்றரை நூல். ஐந்தாவது சதுரத்தோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மூலை சேரலைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ஆடி மாசத்துலேருந்து. நீ மடிச்சு எடுத்துக்கிட்டுப் போகும்போது ஒரு மூலை கண்ணுல பட்டுது."

"ஏங்க சொல்லலை?"

"நீதான் அந்த ரூம் பக்கம் வராதீங்கன்னு சொல்லியிருந்தே."

நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு மீதி எல்லாவற்றையும் பிரிக்க ஆரம்பித்தாள். இன்று காலை எட்டு மணிக்கு ஒட்டு ஒன்றும் இல்லாமல் நாற்பத்திரண்டு துண்டாக மேஜையில் கிடக்கிறது. இருபத்தொன்பதாம் தேதிக்கு இன்னும் பதினான்கு நாள். "எல்லாத்தையும் ஆறே காலுக்குக் கொண்டுவந்துடலாம். நான் தைக்கிறேன், நீங்க வெட்டுங்க" என்று சொல்லி, அந்தச் சக்கரத்தின் கைப்பிடி என் பக்கம் இருக்கும்படித் திருப்பி நீட்டினாள்.

முப்பத்து நான்கு வருஷத்தில் தன்னுடைய சாமான் எதையும் அவளாக என் கையில் கொடுத்து நான் பார்த்ததில்லை. பிளேடை வீட்டு விலாசத்துக்கே அனுப்பு, சீக்கிரம் அனுப்பு. கை நடுங்காமல் இருக்க அங்கே ஏதாவது சாமான் விற்கிறார்களா என்று நிஷாவிடம் கேட்டுப் பார். உன் அக்காள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.